ஒரகடத்துல வேலை கிடைச்சாச்சு... வீடு எங்க பார்க்குறது? அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஏரி, வெயில், தண்ணி மூணையும் பாருங்க!

ஆஃபர் லெட்டர் வந்தாச்சு. ஜாயினிங் தேதியும் சொல்லியாச்சு. அடுத்து வீட்ல எல்லாரும் கேட்குற கேள்வி ஒண்ணுதான்: "எங்கப்பா தங்கப் போற?"

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் என நீளும் இந்தத் தொழிற்சாலைப் பட்டைக்கு தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களில் இருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமில் இருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருக்காங்க. வீடு தேடும்போது எல்லாரும் பார்ப்பது மூன்று விஷயம்: வாடகை எவ்வளவு, கம்பெனி பஸ் எங்கே நிற்கும், பக்கத்தில் கடை இருக்கா. குடும்பத்தோடு வருபவர்கள் கூடுதலாக ஸ்கூல் பார்ப்பார்கள்.

நவம்பர் மாசம் வீட்டுக்குள்ள தண்ணி வருமா என்ற கேள்வியை, தண்ணி வந்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் எங்க டெஸ்க்ல "முடிச்சூர்", "வரதராஜபுரம்"னு ரெண்டு எழுத்து அடிச்சாலே மீதியை கீபோர்டே முடிச்சுக் கொடுத்துடும். அத்தனை முறை அடிச்ச பேர் அது. அங்கே குடியிருப்பவர்களில் பலர் நிலம் வாங்கியபோது இதை யாரும் சொல்லலை.

வாடகைக்குப் போறவங்களுக்கும், இ.எம்.ஐ-ல வீடோ மனையோ வாங்க நினைக்கிறவங்களுக்கும் இந்தக் கட்டுரை.

*முதலில், இது ஏரிகளின் ஊர்*

காஞ்சிபுரத்துக்கு "ஏரிகள் மாவட்டம்" என்ற பெயர் சும்மா வந்ததில்லை. 2019 நவம்பரில் மாவட்டம் பிரிக்கப்பட்ட பிறகும், நீர்வளத்துறை கட்டுப்பாட்டில் காஞ்சிபுரத்தில் 381 ஏரிகள், செங்கல்பட்டில் 528 ஏரிகள். ஊராட்சிகள் பராமரிக்கும் சின்ன ஏரிகள், குளம், குட்டைகள் எல்லாம் இந்தக் கணக்கில் வராது.

இந்த ஏரிகள் தனித்தனியாக இல்லை, சங்கிலித் தொடராக இருக்கின்றன. மேட்டில் உள்ள ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியாக வழிந்து, கால்வாயில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகளின் உபரி நீர் கடைசியில் செம்பரம்பாக்கம் ஏரிக்குத்தான் வருகிறது. மேற்கில் இருந்து கிழக்கே கடலை நோக்கி மெதுவாகச் சரியும் தரை இது. அந்தச் சரிவை நம்பித்தான் முன்னோர்கள் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள்.

இப்போ அந்த ரெண்டு ஏரிக்கு நடுவில் உள்ள கால்வாய் மேல ஒரு லேஅவுட் வந்தா என்ன ஆகும்? ஏரி தன் வேலையைச் செய்யும். தண்ணியும் தன் வழியில் வரும். லேஅவுட்தான் வழியில் நிக்கும்.

*2015 டிசம்பர் 1 அன்று என்ன நடந்தது?*

இந்தப் பகுதியில் இடம் பார்க்கும் எவரும் தெரிஞ்சுக்க வேண்டிய தேதி இது. டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ, செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ மழை பதிவானது. வானிலை ஆய்வு மையத்தின் கணக்குப்படி 20.4 செ.மீ-க்கு மேல் போனாலே "அதி கனமழை". அதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

47 செ.மீ என்றால் எவ்வளவு? ஒரு ஏக்கர் நிலத்தில் மட்டும் சுமார் 19 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கிட்டத்தட்ட 158 வந்து ஒரே நாளில், ஒரே ஏக்கரில் கொட்டிவிட்டுப் போனது போல.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. நவம்பர் மழையில் ஏற்கெனவே நிரம்பி நின்ற ஏரி அது. அன்று இரவு அதிகபட்சமாக விநாடிக்கு சுமார் 29,000 கனஅடி திறக்கப்பட்டது. ஒரு விநாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். அது அடையாற்றில் சேர்ந்து சென்னையின் தென்பகுதியை மூழ்கடித்த கதை எல்லாருக்கும் தெரியும். 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை, இதை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றே குறிப்பிட்டது.

தொழிற்சாலைகளும் தப்பவில்லை. ஹூண்டாய், ரெனோ நிசான், ராயல் என்ஃபீல்டு உட்பட பல நிறுவனங்கள் அந்த நாட்களில் உற்பத்தியை நிறுத்தின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போதும் சென்னை அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான், பெகட்ரான் ஆலைகள் வேலையை நிறுத்த வேண்டி வந்தது. கம்பெனிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும், ரெண்டு நாளில் லைன் மறுபடி ஓடும். ஈரமான மெத்தையும், நனைஞ்ச சர்ட்டிஃபிகேட்டும், ஸ்டார்ட் ஆகாத பைக்கும் தொழிலாளியோட பாடு.

*செம்பரம்பாக்கம் திறக்கலையே, எங்களுக்கு ஏன் தண்ணி வந்துச்சு?*

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. இதில் பெரிய குழப்பம் இருக்கு, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

செம்பரம்பாக்கத்தில் உபரி நீர் திறந்தால் எச்சரிக்கை விடப்படும் ஊர்களின் பட்டியல் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதலம்பேடு, திருநீர்மலை. அந்தக் கால்வாய் திருநீர்மலை பக்கம் போய்த்தான் அடையாற்றில் சேர்கிறது.

முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் எல்லாம் அந்த இடத்துக்கு மேலே, அதாவது ஆற்றின் மேல்பகுதியில் இருக்கின்றன. அங்கே வரும் வெள்ளம் செம்பரம்பாக்கத்து வெள்ளம் அல்ல. ஆதனூர், மணிமங்கலம், படப்பை, ஒரத்தூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து அடையாற்றின் தொடக்கப் பகுதியில் சேரும் தண்ணீர். 2015, 2020 நிவர், 2023 மிக்ஜாம்... ஒவ்வொரு முறையும் இதுதான் நடந்தது. இதைக் குறைக்கத்தான் ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து ஒரு நீர்த்தேக்கமும், வரதராஜபுரம் பகுதியில் மூடு கால்வாய்களும் திட்டமிடப்பட்டன.

அதனால், டி.வி-ல "செம்பரம்பாக்கம் 21 அடிதான், பயப்படத் தேவையில்லை"னு செய்தி வந்தா குன்றத்தூர்க்காரர் நிம்மதியா தூங்கலாம். முடிச்சூர்க்காரர் தூங்க முடியாது. உங்க தெருவுக்குத் தண்ணி எந்த ஏரியில இருந்து வரும்னு தெரிஞ்சு வெச்சுக்கணும். வீடு பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். "இந்த ஏரி கலங்கல் எந்தப் பக்கம் போகுது?"

*ஏரிக்கு எந்தப் பக்கம் வீடு?*

"லேக் வியூ" என்று விளம்பரம் வரும். ஏரி தெரிவதில் தப்பில்லை. எந்தப் பக்கத்தில் இருந்து தெரிகிறது என்பதில்தான் விஷயம்.

ஏரிக்கு ஒரு பக்கம்தான் கரை. மறுபக்கம் தரை மெல்ல உயர்ந்து போகும். தண்ணீர் பரந்து நிற்கும் அந்தப் பகுதியை உள்வாய் என்பார்கள். கோடையில் அது காய்ந்து மைதானம் மாதிரி கிடக்கும். கிரிக்கெட் ஆடுவார்கள், மாடு மேயும். மழைக்காலத்தில் ஏரி முழுக் கொள்ளளவுக்கு வந்தால் தண்ணீர் அங்கே திரும்பி வரும். அதையொட்டி வாங்கின மனையில் தண்ணி நிக்குதுன்னா, உண்மையில் ஏரிதான் தன் இடத்துக்கு வந்திருக்கு.

கரைக்கு இந்தப் பக்கம், மதகுக்குக் கீழே இருப்பது ஆயக்கட்டு. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த நஞ்சை நிலம். ஏரிப் பாசனம் என்றாலே தண்ணீர் தானாகவே வயலுக்குப் பாய வேண்டும், மோட்டார் கிடையாது. அப்படியானால் அந்த வயல், ஏரியின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வாகத்தானே இருக்க முடியும்? இந்த ஒரு கணக்கை மனசுல வெச்சுக்கிட்டா பல விளம்பரங்களைப் பார்த்ததும் புரிஞ்சுடும். இன்று இந்தப் பகுதியில் பிளாட் போடப்படும் இடங்களில் நிறைய, நேற்று வரை ஆயக்கட்டு வயல்.

மூன்றாவது, கலங்கலும் அதிலிருந்து கிளம்பும் போக்குக் கால்வாயும். எல்லாவற்றிலும் ஆபத்தானது இதன் வழியில் இருக்கும் வீடு. பத்து வருஷம் தண்ணி வராம இருந்து, பதினோராவது வருஷம் இடுப்பளவு வரலாம்.

பழைய கிராம நத்தம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஊர்க் கோயில், பழைய தெரு, தலைமுறையா இருக்கும் ஓட்டு வீடுகள் எல்லாம் பெரும்பாலும் மேட்டில்தான் இருக்கும். அந்தக் காலத்தில் மோட்டார் வைத்துத் தண்ணி இறைக்க முடியாது, அதனால் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஊர்ப் பேர்களும் கொஞ்சம் பேசும் (தமிழ் படிச்சவன் இதைச் சொல்லாம விட முடியாது). தாங்கல், ஏந்தல் என்றால் சின்ன ஏரி. மடு, ஓடை, குட்டை எல்லாம் தண்ணீர் சொற்கள். மேடு, திட்டு என்றால் உயரமான இடம். பேரை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம், ஆனா "தாங்கல்" என்று முடியும் நகரில் பிளாட் பார்த்தால் இன்னும் ரெண்டு கேள்வி அதிகமாகக் கேளுங்கள். புரமோட்டர் வைத்த "கார்டன்", "அவென்யூ" பேரை விட்டுட்டு, பத்திரத்தில் உள்ள கிராமத்தின் பேரைப் பாருங்கள்.

*நேரில் போகும்போது*

மே மாசம் மனை பார்த்து, நவம்பர் மாசம் குடிபோகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முடிந்தால் மழை நாளில் போங்கள். ரெண்டு மணி நேரம் நல்ல மழை பெய்து நின்ற பிறகு ஒரு பைக்கில் அந்தத் தெருவைச் சுற்றி வந்தால், எந்த புரோக்கரும் சொல்லாததை ரோடே சொல்லிடும்.

மழை இல்லாத நாளிலும் அடையாளங்கள் உண்டு. காம்பவுண்டு சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் கறைக் கோடு. தரையில் இருக்க வேண்டிய மோட்டார், சுவரில் ஆளுயரத்துக்கு ஏற்றி மாட்டப்பட்டிருப்பது. ஈ.பி மீட்டர் பாக்ஸ் வழக்கத்தைவிட உயரத்தில் இருப்பது. வாசல்படியில் முட்டியளவுக்குக் குட்டியாக ஒரு தடுப்புச் சுவர். பக்கத்து வீடுகள் புதுசா கட்டும்போது பேஸ்மட்டத்தை நாலடி, அஞ்சடி தூக்கியிருந்தால், அவர்கள் ஏன் தூக்கினார்கள் என்று யோசிக்கணும். அவங்க தூக்கின பிறகு தெருவிலேயே தாழ்வான வீடு எது? வாடகைக்கு விட்டிருக்கும் அந்தப் பழைய வீடாக இருக்கக் கூடாது.

லேஅவுட்டில் கிராவல் மண் கொட்டி உயர்த்தியிருக்கோம் என்பார்கள். சரி, மனை உயர்ந்துவிட்டது. மெயின் ரோட்டில் இருந்து மனைக்கு வரும் பாதை? அது தாழ்வாகவே இருந்தால் வீடு நனையாது, நீங்கள்தான் மூணு நாள் வெளியே வர முடியாது. நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்களுக்கு இது பெரிய விஷயம். ஊரே முழங்கால் தண்ணியில இருக்கும்போது, கரன்ட் இல்லாத தெருவுல, மூடி இல்லாத கால்வாய் எங்கே இருக்குன்னு தெரியாம நடக்குறதுதான் உயிருக்கு ஆபத்து.

யாரிடம் கேட்பது? வீட்டு ஓனரிடமும் புரோக்கரிடமும் கேட்டால் "சார், இந்த ஏரியால தண்ணியே நிக்காது" என்பதுதான் பதில். டீக்கடை, ரேஷன் கடை, பால் போடுகிறவர், ஆட்டோ ஸ்டாண்டு ஆகிய இடங்களில் கேளுங்கள். "தண்ணி நிக்குமா?" என்று கேட்காதீர்கள். "2015-ல எவ்வளவு வந்துச்சு? மிக்ஜாம் அப்போ எத்தனை நாள் நின்னுச்சு? படகு வந்துச்சா?" என்று கேளுங்கள். அளவு கேட்டால்தான் உண்மை வரும்.

*போனிலேயே பார்க்கக்கூடியது*

மனை வாங்குபவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் பார்க்கலாம். அ-பதிவேட்டில் நிலத்தின் வகை இருக்கும். நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று தெரிந்துவிடும். "ஏரி", "ஓடை", "வாய்க்கால்", "நீர்நிலைப் புறம்போக்கு" என்று ஏதாவது இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டு வரி ரசீது இருக்கு, கரன்ட் கனெக்‌ஷன் இருக்கு என்பதெல்லாம் உரிமைக்கு ஆதாரம் ஆகாது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் இருக்கிறது.

உங்கள் சர்வே எண்ணோடு சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். உங்கள் மனை சுத்தமான பட்டா நிலமாக இருந்து, பின்னாடி சர்வே எண் வாய்க்காலாக இருக்கலாம். நேரில் போனால் அங்கே வாய்க்காலே இருக்காது. காணாமல் போன வாய்க்கால்தான் மழைக்காலத்தில் உங்கள் ஹால் வழியாக ஓடும்.

அடுத்து, கூகுள் எர்த். அதில் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கு. 2015 டிசம்பர், 2016 ஜனவரி பக்கம் படம் கிடைத்தால் பாருங்கள். இன்று வீடு இருக்கும் இடம் அன்று பச்சை வயலா, பளபளக்கும் தண்ணியா என்று தெரிந்துவிடும்.

ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். லேஅவுட்டுக்கு டி.டி.சி.பி அல்லது சி.எம்.டி.ஏ அனுமதி, ரெரா பதிவு எல்லாம் இருக்கணும். இல்லாத மனையை வாங்கவே வேண்டாம். ஆனால் அனுமதி இருக்கு என்பதும் வெள்ளம் வராது என்பதும் ஒன்றல்ல. அனுமதி பெற்ற தெருக்களிலும் படகு போயிருக்கிறது.

*வெயிலை யாரும் கணக்குல எடுக்குறதில்ல*

வெள்ளம் சில வருடங்களுக்கு ஒருமுறை. வெயில் வருஷா வருஷம். கடற்கரையில் இருந்து சுமார் 40 கி.மீ உள்ளே இருக்கும் ஊர்கள் இவை. சென்னையில் மதியத்துக்கு மேல் வீசும் கடல்காற்று இங்கே வந்து சேர சாயந்தரம் ஆகிவிடும், சில நாள் வராமலே போகும். மே மாதக் கத்திரி வெயிலில் இந்த வித்தியாசம் உடம்புக்குத் தெரியும்.

சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி அதிகமாகவும் இருந்தால் அதை வெப்ப அலை என்கிறது வானிலை மையம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் அறிவிக்கப்பட்டது.

ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு இருக்கு. இரவு ஷிஃப்ட் முடித்து வருபவர் தூங்குவது காலை 8-ல் இருந்து மாலை 4 வரை. அதாவது வெயில் உச்சத்தில் இருக்கும் நேரம்தான் அவருக்கு "ராத்திரி". இந்தப் பகுதியில் மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகர ஷீட் போட்டு, வரிசையாக ரூம் தடுத்து வாடகைக்கு விடுவது சகஜம். வாடகை குறைவுதான். ஆனால் மே மாதம் மதியம் 2 மணிக்கு ஷீட்டுக்குக் கீழே படுத்துத் தூங்க முடியுமா? தூக்கம் இல்லாமல் மறுபடி ராத்திரி மெஷின் முன்னாடி நிற்கணும். விரலும் கையும் போகிற விபத்துகள் அசந்த நேரத்தில்தான் நடக்கும். ஷீட் ரூமில் மிச்சமாகும் ஆயிரம் ரூபாயை இதோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ரூம் பார்க்கப் போகும்போது மதியம் 2 மணிக்குப் போங்கள். ஃபேனைப் போட்டு பத்து நிமிஷம் உட்காருங்கள், போதும். கான்கிரீட் தளமா, எதிரெதிரே ஜன்னல் இருக்கா, மேற்குப் பக்கச் சுவர் நேரடி வெயில் வாங்குதா என்பது அந்தப் பத்து நிமிஷத்தில் புரியும்.

தரைத்தளம் எடுத்தால் வெள்ளம், மேல்தளம் எடுத்தால் வெயில். என்ன செய்வது? மேலே இன்னொரு தளம் இருக்கும் முதல் மாடி கிடைத்தால், 500 ரூபாய் அதிகமானாலும் எடுத்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். வயசானவங்க வீட்ல இருந்தா மட்டும் படி ஏறுறதை யோசிக்கணும்.

*அதே செம்பரம்பாக்கம், 2019-ல்*

2015-ல் 29,000 கனஅடி திறந்த அதே ஏரி, 2019 ஜூனில் வறண்டு, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சென்னைக்குக் குடிநீர் தரும் பெரிய ஏரிகள் எல்லாம் அந்தக் கோடையில் கிட்டத்தட்டக் காலி. சில ஐ.டி நிறுவனங்கள் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதும் அப்போதுதான். நாலு வருஷ இடைவெளியில் ரெண்டு எல்லை.

ஆகவே வீட்டில் போர் எத்தனை அடி, மே-ஜூனில் தண்ணி வருமா, உப்பா நல்லதா, லாரித் தண்ணி வாங்கினால் காசு யார் கொடுப்பது, ஒரு போரை எத்தனை குடும்பம் பகிர்கிறது என்று கேட்டுவிடுங்கள். பத்து ரூம் இருக்கும் காம்பவுண்டில் ஒரே போர் என்றால் கோடையில் சண்டை நிச்சயம். புதுசாக மனை வாங்குபவர்கள் பக்கத்து வீட்டு போரின் ஆழத்தைக் கேட்டாலே போதும்.

*புயல், மின்னல், நிலநடுக்கம்?*

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கி.மீ-க்கு மேல் வீசியது. உள்ளே வர வர வேகம் குறையும், ஆனால் ஷீட் கூரையைப் பெயர்க்கவும் மரத்தைச் சாய்க்கவும் மீதி வேகமே போதும். பல இடங்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. கரன்ட் இல்லைன்னா மோட்டார் ஓடாது, தண்ணியும் இல்லை. ஷீட் கூரை, தலைக்கு மேலே பெரிய விளம்பரப் பலகை, சாய்ந்து நிற்கும் மரம் இந்த மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்னல், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாலை நேர இடிமழையில் அதிகம். ஷிஃப்ட் முடிந்து வெட்டவெளியில் பைக்கில் வருபவர்கள் கவனிக்கணும். நிலநடுக்கத்தைப் பொறுத்தவரை சென்னைப் பகுதி மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலமாக வகைப்படுத்தப்பட்டது. இதுக்காக ஊரை மாத்த வேண்டாம், கட்டடம் உறுதியா இருக்கான்னு பாருங்க, போதும். சுனாமி கவலை இவ்வளவு உள்ளே தேவையில்லை.

*கம்பெனி உயரத்தில், குடியிருப்பு பள்ளத்தில்*

2011-ல் தாய்லாந்தில் நடந்ததை இந்த இடத்தில் சொல்லணும். சாவோ பிரயா ஆற்று வெள்ளத்தில் அயுத்தயா, பதும் தானி மாகாணங்களில் இருந்த ஏழு பெரிய தொழிற்பேட்டைகள் மூழ்கின. ஹோண்டா ஆலையில் புதுக் கார்கள் தண்ணீரில் நின்றன. கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க் உற்பத்தி முடங்கி உலகம் முழுக்க விலை ஏறியது. 800-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குப் பிறகு தொழிற்பேட்டைகளைச் சுற்றி வெள்ளத் தடுப்புச் சுவர்கள் எழுந்தன.

பெரிய ஆலைகள் எங்கேயும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளும். தரையை உயர்த்தும், வடிகால் கட்டும். அந்த வடிகால் தண்ணீர் சுவருக்கு வெளியே எங்கே போகிறது, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பதுதான் நம்ம ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி. தொழிலாளர்களுக்கான இடம் பெரும்பாலும் மிச்சம் மீதி இருக்கும் நிலத்தில்தான் அமைகிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் வளாகத்தில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. பெரிய எண்தான். ஆனாலும் இந்தப் பட்டையில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பகுதியினர் இன்னும் தனியார் விடுதி, பகிர்ந்த அறை, சின்ன வாடகை வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

விடுதியில் சேரும் பெண்கள் ஒரு கேள்வியைத் தயங்காமல் கேட்கலாம்: மழையில் பஸ் வரலைன்னா, கரன்ட் போனா, ஹாஸ்டலில் என்ன ஏற்பாடு? ஜெனரேட்டர் எந்த மட்டத்தில் இருக்கு?

*எந்தப் பக்கம் பார்க்கலாம்?*

ஊருக்கு ஊர் "நல்லது, கெட்டது" என்று முத்திரை குத்த முடியாது. ஒரே முடிச்சூரில் தண்ணீர் ஏறாத தெருவும் உண்டு, ஒரே ஸ்ரீபெரும்புதூரில் வருஷா வருஷம் நனையும் தெருவும் உண்டு. ஆனாலும் பொதுவாக ஒன்று சொல்லலாம். படப்பையில் இருந்து கிழக்கே மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் நோக்கிப் போகப் போக அடையாறு பெருகும் இடத்துக்குள் நுழைகிறீர்கள். குன்றத்தூர், திருமுடிவாக்கம் பக்கம் செம்பரம்பாக்கம் உபரிக் கால்வாய் எங்கே போகிறது என்பதைப் பார்த்துத்தான் தெருவைத் தேர்ந்தெடுக்கணும். சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர் பக்கம் ரயில் இருப்பது ஒரு வசதி, ஒரு ரோடு மூழ்கினாலும் இன்னொரு வழி உண்டு. வாலாஜாபாத், காஞ்சிபுரம் பக்கம் போனால் பாலாறு. வறண்ட மணல் என்று நினைத்திருந்த அந்த ஆற்றில் 2021 நவம்பரில் வெள்ளம் வந்து வாலாஜாபாத்–அவளூர் தரைப்பாலம் சேதமானது.

பரந்தூர் விமான நிலைய அறிவிப்புக்குப் பிறகு சுங்குவார்சத்திரத்தைத் தாண்டியும் மனை விற்பனை சூடு பிடித்திருக்கிறது. ஏரிகளும் நஞ்சையும் நிறைந்த பகுதி அது. சர்வே எண் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

*குடிபோன பிறகு*

வாடகை ஒப்பந்தம் போடும்போது, வெள்ளத்தால் வீட்டில் இருக்க முடியாமல் போனால் அந்த நாட்களின் வாடகை, உடனே காலி செய்தால் அட்வான்ஸ் திரும்பக் கிடைப்பது இரண்டையும் ஒரு வரியில் எழுதி வாங்குங்கள். 2017-ம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க முடியாது. பத்து மாச அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, முழங்கால் தண்ணியில் நின்று அதைத் திருப்பிக் கேட்கும் நிலை வேண்டாமே.

சொந்த வீடு என்றால் "பாரத் கிருஹ ரக்‌ஷா" பாலிசி பற்றி விசாரியுங்கள். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கும் ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீடு இது. வெள்ளம், புயல், மின்னல், நிலநடுக்கம் எல்லாம் அடங்கும். வாடகைக்கு இருப்பவர்களும் வீட்டுப் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் "டி.என் அலர்ட்" செயலியை போனில் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987. தண்ணீரில் நிற்கும் கம்பத்தையோ வயரையோ தொடாமல் முதலில் இந்த எண்ணுக்கு அழையுங்கள்.

கடைசியா பைக், கார். தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணி இன்ஜினுக்குள் தண்ணி போய்விட்டால், இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாதவர்களுக்கு அந்தச் செலவைக் கொடுக்க மாட்டார்கள். தண்ணி வடிந்த காலையில் எல்லாரும் முதலில் செய்வது சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான். அதைச் செய்யாமல் வண்டி நின்ற நிலையிலேயே போட்டோ எடுத்து, கம்பெனிக்கு போன் பண்ணி, தள்ளிக்கொண்டுதான் மெக்கானிக்கிடம் போகணும்.